லினக்ஸ் வெச்சிருந்தா பிரிண்ட் கிடையாதா?

போன வாரம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் குடுக்கக் கடைசி நாள். எங்க லேப்ல ஒரே ஒரு லேசர் பிரிண்டர். அதை ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர்ல யூஎஸ்பி வயர் போட்டு மாட்டி, ஷேர் பண்ணி வெச்சிருக்காங்க. என் உபுண்டு லேப்டாப்ல இருந்து 62 பக்கம் அனுப்பினேன். யூசர்நேம், பாஸ்வேர்டுக்காகக் காத்திருக்குன்னு சொல்லி க்யூவுல அப்படியே நின்னுடுச்சு. அந்த பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது.

லேப் சார் சொன்ன தீர்வு: "ஏம்பா, எல்லாரும் போடுற விண்டோஸைப் போட்டுட்டுப் போயேன். உனக்கு மட்டும் எதுக்கு இந்த வேலை?" பின்னாடி நின்ன நம்ம மக்கள் ஒரே சிரிப்பு. கடைசியில பென்டிரைவைத் தூக்கிக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

சிரிச்சவங்களுக்குத்தான் இது. தப்பு லினக்ஸ் மேல இல்லீங்க. பிரிண்டரை ஒரு விண்டோஸ் பெட்டிக்குப் பின்னாடி கட்டிப் போட்டதுதான் தப்பு.

விண்டோஸ் ஷேரிங் பேசுற பாஷை எஸ்எம்பி. லினக்ஸ் பக்கம் அதைப் பேசுறது சாம்பா. 1992-ல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஆரம்பிச்சது. நெட்வொர்க்ல போற வர்ற டேட்டாவை உத்துப் பார்த்தே கத்துக்கிட்ட பாஷை அது. மைக்ரோசாஃப்டோட முழு ஆவணங்கள் சாம்பா குழுவுக்குக் கிடைச்சது 2007 டிசம்பர்லதான், அதுவும் ஐரோப்பிய கோர்ட் தலையில குட்டினதுக்கு அப்புறம். இத்தனை வருஷம் கதவைச் சாத்தி வெச்சது யாரு, பழி யாரு மேல?

சரி, பாஸ்வேர்டு கிடைச்சிருச்சுன்னே வெச்சுக்குவோம். அந்த ஷேர் வெறும் குழாய் மாதிரி. பிரிண்டருக்குப் புரியற மாதிரி பக்கத்தைத் தயார் பண்ண வேண்டியது என் லேப்டாப்தான். டிரைவர் கொஞ்சம் மாறினாலும் போச்சு, பக்கத்துக்கு ஒரு வரி கிறுக்கலோட பேப்பர் கட்டே காலி.

"விண்டோஸ்ல இந்தத் தொல்லையே இல்லையே"ங்கறீங்களா? 2021-ல பிரிண்ட்நைட்மேர்னு ஒரு பெரிய ஓட்டை, அதே விண்டோஸ் பிரிண்ட் ஸ்பூலர்லதான். அந்த வருஷம் வந்த பாதுகாப்பு அப்டேட்களைப் போட்டதும் பல ஆபீஸ்கள்ல விண்டோஸ்ல இருந்து விண்டோஸுக்கே பிரிண்ட் போகல. அவங்ககிட்ட யாராவது "வேற ஓஎஸ் போடுங்க"ன்னு சொன்னாங்களா?

இதுக்கு வழி இல்லாமலும் இல்ல. ஐபிபி-ன்னு பொதுவான ஒரு பிரிண்டிங் முறை இருக்கு. அதோட 1.1 பதிப்பு 2000-லயே வந்தாச்சு. யாருக்கும் சொந்தமில்ல, ஆவணம் எல்லாருக்கும் திறந்தே கிடக்கு. லினக்ஸ்ல இருக்கற கப்ஸ் அதை நம்பித்தான் ஓடுது. 2002-ல இருந்து ஆப்பிள் மேக்லயும் அதே கப்ஸ்தான். அவ்வளவு ஏன், விண்டோஸ் 11-ல 2024-ல வந்த பாதுகாப்பான பிரிண்ட் முறையே மத்த கம்பெனி டிரைவர்களை ஓரங்கட்டிட்டு ஐபிபி மேலதான் நிக்குது. மைக்ரோசாஃப்டே இறங்கி வந்தாச்சு, எங்க லேப் இன்னும் வரல!

இதுல கொடுமை என்னன்னா, எங்க பிரிண்டர் மேலயே ஏர்பிரிண்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அதுக்கு அடியில ஓடுறது ஐபிபிதான். பின்பக்கம் நெட்வொர்க் வயர் மாட்ட ஒரு போர்ட், தூசி படிஞ்சு சும்மா கெடக்கு. அதுல ஒரு வயரைச் சொருகினா லினக்ஸ், விண்டோஸ், ஐபோன் எல்லாத்துல இருந்தும் பிரிண்ட் எடுக்கலாம்.

சார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஆளாளுக்கு 200 பக்கம் அடிச்சா பேப்பருக்கு எங்க போறது? ஒரு பழைய கம்ப்யூட்டர்ல கப்ஸ் போட்டு நடுவுல வெச்சா போதும். ஒரு ஆளுக்கு இத்தனை பக்கம்னு வரம்பு வைக்கலாம், யார் எவ்வளவு எடுத்தாங்கன்னு கணக்கும் இருக்கும்.

நம்ம லினக்ஸ் ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. "டெர்மினல்ல ஒரு வரி அடிச்சா சரியாயிடும்"னு பந்தா விடாதீங்க. பிரிண்ட் எடுக்கறதுக்கு யாரும் மந்திரம் கத்துக்கணும்னு அவசியமில்ல.

சார், ஓஎஸ்ஸை மாத்தச் சொல்லாதீங்க. வயரை மாத்துங்க.