பொறியியலாளனும் சிரட்டைத் தணலும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி ஏ9 வீதியில் சற்றுத் தூரம் சென்றால் பலாபத்வல. மிளகும் கறுவாவும் ஏலமும் சாதிக்காயும் விளையும் மண். இங்கே ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சரக்கு அரைத்துத் தடவிய இறைச்சியைச் சிரட்டைத் தணலில் நிதானமாக வாட்டும் பக்குவம் அங்கே தலைமுறை தலைமுறையாக வருகிறது. வீட்டுப் பிள்ளை பொறியியல் படித்து, கொழும்பிலோ டொரொன்டோவிலோ பணியில் அமர்கிறான். அந்தப் பக்குவம் என்ன ஆகும்?

"படித்த பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பொறியியற்பீடத்தில் பிள்ளைக்கு ஓரிடம் கிடைப்பது, இத்தீவின் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பெருங்கனவு. அக்கனவில் பிழையில்லை. அடுப்பை அதற்கு எதிரியாக நிறுத்துவதுதான் பிழை என்பேன்.

தணலில் இறைச்சி சுடுவதும் பொறியியலே. பெரிய துண்டத்தைக் குறைந்த சூட்டில் வாட்டும்போது, அதன் உள்வெப்பம் 65 முதல் 70 பாகை செல்சியஸ் அளவில் மணிக்கணக்காக ஏறாமல் நின்றுவிடும். காரணம், மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோவதே. அமெரிக்க இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் இதைச் சோதனையால் காட்டினார். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதியால்தான். டெக்சாஸில் இந்தக் கட்டத்தில் இறைச்சியைத் தாளில் பொதிகிறார்கள். வாழையிலையில் பொதிந்து சுடும் நம் வழக்கமும் அதே வேலையைச் செய்கிறது; ஈரத்தை வெளியேற விடுவதில்லை.

தொழிலும் தணலும் கைகோத்ததற்குச் சான்றுகள் உண்டு. 1920களில் ஹென்றி ஃபோர்டு, மோட்டார் வாகனத் தயாரிப்பில் மிஞ்சிய மரத்தைக் கரிக்கட்டிகளாக்கி விற்றார். 1952இல் சிகாகோ அருகே உலோகப் பட்டறையில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவையின் உலோகக் கோளத்தை வெட்டி மூடியுள்ள அடுப்பைச் செய்தார். 2015இல் ஹார்வர்ட் பொறியியல் மாணவர்கள், இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் பீங்கான் அடுப்பொன்றை வடிவமைப்பதையே பாடமாகப் பயின்றார்கள். அங்கே அடுப்பு ஆய்வுக்கூடம் வரை போயிருக்கிறது. நாமோ அதை வீட்டின் பின்புறத்திலேயே விட்டுவைத்திருக்கிறோம்.

நேரமில்லை என்பது முழுக்காரணம் அன்று. விடுமுறைநாள் ஒன்று போதும். உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. தணல்முன் நிற்பவனுக்குப் பாராட்டுக் கிடைக்கிறது. முதல்நாள் இரவே மல்லியும் மிளகும் வறுத்து அரைத்தவளை எவரும் கேட்பதில்லை. அவளுடைய "ஒரு பிடி", "வாசம் வரும்வரை" என்ற அளவுகள் எங்கும் எழுதப்படவில்லை. அவள் போனால் அவையும் போய்விடும். பிறகு கடையில் வாங்கிய தூளும் விலையுயர்ந்த அடுப்பும்தான் மிஞ்சும்.

பொறியியல் கற்றவர்களுக்குச் சொல்வேன்: உங்கள் தொழில் உங்களுக்கு அளக்கவும் குறிக்கவும் கற்றுத் தந்திருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு தராசையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அம்மாவின் ஒரு பிடி எத்தனை கிராம் என்று நிறுத்துப் பாருங்கள். அதற்குமுன், அம்மியின் முன்னால் நீங்களே உட்கார்ந்து அரைத்துப் பாருங்கள். மரபு தணலில் தொடங்குவதில்லை; அம்மியில் தொடங்குகிறது.