கறிவேப்பிலைக்கும் வண்டி வேண்டுமா?

திருப்பதியில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். "ஊரு எப்படி வளர்ந்துடுச்சு பாருங்க. பாலம் வந்துடுச்சு, ரோடெல்லாம் அகலமாயிடுச்சு. இன்னும் ரெண்டு பாலம் போட்டா எல்லாம் சரியாயிடும்." சித்தூருக்குப் போனாலும் இதே பேச்சுதான், அங்கே பாலத்தின் இடத்தில் பைபாஸ். மனை விற்பவர், கவுன்சிலர், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு உட்காரும் உறவுக்காரர் என்று எல்லாரும் ஒன்றுபோலச் சொல்வதால் யாரும் இதை நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. நான் சித்தூரில் பிறந்தவன், பதினைந்து வருடமாகத் திருப்பதிவாசி. இந்தப் பேச்சு அடிமுதல் நுனிவரை பிழை என்று நினைக்கிறேன். அந்தப் பிழைக்கு என் வீட்டிலேயே ஒருத்தி விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பாலத்திலிருந்தே தொடங்குகிறேன். கருட வாரதி என்ற பெயரில் ஆரம்பித்து, ஸ்ரீநிவாச சேது என்று பெயர் மாறி, 2023 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட மேம்பாலம் அது. ஏறக்குறைய 7 கிலோமீட்டர். திருமலை திருப்பதி தேவஸ்தானமும் ஸ்மார்ட் சிட்டி நிறுவனமும் சேர்ந்து 650 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுக் கட்டியது. திருச்சானூர் சாலைப் பக்கம் ஏறினால், பேருந்து நிலையம், லீலா மஹால் சந்திப்பு நெரிசலையெல்லாம் தலைக்கு மேலேயே தாண்டி, கபில தீர்த்தம் பக்கம் இறங்கி அலிபிரிக்குப் போய்விடலாம். வெளியூரிலிருந்து மலைக்கு வருகிறவருக்கு இது பெரிய உதவி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கொர்லகுண்டாவிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அந்தப் பாலத்தில் என்ன வேலை? ரூயா ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டுவிட்டு எதிர்ப்பக்க மருந்துக் கடைக்குப் போகிறவருக்கு? ஊர்க்காரர்களின் அன்றாடப் போக்குவரத்தில் பெரும்பகுதி ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர்தான். அது பாலத்துக்குக் கீழேயே தொடங்கிக் கீழேயே முடிகிறது. ஊரைத் தாண்டிப் போக ஒரு வழி கட்டியிருக்கிறோம். அதை ஊருக்குச் செய்த வசதியாகக் கணக்கெழுதுகிறோம். அகலப்படுத்திய சாலை காலியாக இருக்கும் என்பதும் அனுபவத்துக்கு ஒத்துவராதது. சென்னையில் ஜெமினி மேம்பாலம் வந்தது 1973-இல். அதற்குப் பிறகு அந்த ஊர் கட்டாத பாலமா? மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தென்கொரியத் தலைநகர் சியோலில் ஓர் ஓடையை மூடி அதன்மேல் உயர்சாலை கட்டியிருந்தார்கள். 2003-இல் அதை இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். இன்று அதன் கரையில் ஜனங்கள் நடக்கிறார்கள். சாலை போனதால் நகரம் நின்றுபோகவில்லை.

"இப்போ யாரு சார் நடக்கிறாங்க? எல்லார் வீட்டிலயும் வண்டி இருக்கு." இது அடுத்த பேச்சு. இங்கேதான் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தூரில் எங்கள் பழைய வீட்டிலிருந்து நாலாவது வீடு மளிகைக் கடை. தெரு திரும்பினால் பால், பூ, ரேஷன். கொஞ்சம் தள்ளிக் கோயில், அதற்கடுத்து டாக்டர். அம்மா எழுபது வயதுவரை யாரிடமும் எதையும் வாங்கி வரச் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா போன பிறகு அவளைத் திருப்பதிக்கு அழைத்துவந்தேன். ரேணிகுண்டா சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லே-அவுட். முப்பதடி சாலை, நல்ல காற்று, நல்ல தண்ணீர். வந்த முதல் வாரம் ரசத்துக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை இல்லை. கடை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு டிவைடர், லாரிகள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் ரோட்டோரம் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். நான் ஆபீஸிலிருந்து வர ஏழரை. "வரும்போது ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கிட்டு வாப்பா" என்று போனில் சொன்னபோது அவள் குரலில் இருந்த கூச்சத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எங்கள் வீட்டிலும் வண்டி இருக்கிறது. அது காலை ஒன்பது மணிக்கு என்னோடு கிளம்பிவிடுகிறது. வீட்டில் ஒரு டூ-வீலர் என்றால் பகல் முழுக்க ஒருவருக்கு வண்டி, மீதி நாலு பேருக்குக் கால். வீட்டை எண்ணிவிட்டு ஆளை எண்ணாமல் விடுவதால்தான் 'எல்லாரிடமும் வண்டி' என்று தோன்றுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயம் அல்லாத வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று கேட்டது. நாடு முழுவதற்கும் சேர்த்து நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் நடந்து போனார்கள், பதின்மூன்று பேர் சைக்கிளில். கார், ஜீப், வேன் எல்லாம் சேர்ந்தும் மூன்று பேர் தேறவில்லை. அதற்குப் பிறகு பைக் பெருகியது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு வேலைக்குப் போகிறவர்களை மட்டுமே கேட்டது; என் அம்மா அதில் இல்லை, பள்ளிப் பிள்ளைகளும் இல்லை. நடக்கிறவர்கள் இல்லை என்று சொல்லும் அதே நாட்டில் 2022-இல் மட்டும் 32,825 பாதசாரிகள் சாலையில் செத்திருக்கிறார்கள். இது அரசின் கணக்கு.

அடுத்தது வெயில். "நம்ம ராயலசீமா வெயில்ல நடைபாதை போட்டு என்ன பிரயோஜனம்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். திருப்பதியில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் எனக்கு வியப்பு. நிமிர்ந்து பாருங்கள். அலிபிரியிலிருந்து மலைக்கு 3,550 படிகள். சித்திரை மாதத்திலும் ஜனம் ஏறுகிறது. கைக்குழந்தையோடு ஏறுகிறார்கள், முழங்கால் வலியோடு ஏறுகிறார்கள், படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து ஏறுகிறார்கள். பக்தி இழுக்கிறது என்பீர்கள், சரி. ஆனால் பக்தி மட்டும் போதும் என்று தேவஸ்தானம் இருந்துவிடவில்லை. பாதைக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, உட்காரத் திண்ணை, இரவில் விளக்கு, மூட்டை முடிச்சை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு, எல்லாம் இருக்கிறது. சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டுப் பாதையிலும் அப்படியே. நடப்பவருக்கு என்னென்ன வேண்டும் என்று இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். நாட்டிலேயே மிகச் சிறந்த நடைபாதைகளில் ஒன்றைக் கட்டிப் பராமரித்துக்கொண்டிருக்கும் ஊர் இது. அந்தப் பாதையில் ஏறியிறங்கிய அதே பாட்டி, கீழே வந்து பேருந்து நிலையத்துக்கு நடக்கப் பார்க்கட்டும். நிழல் எங்கே? நிறுத்திய கார்களும் திறந்த சாக்கடை மூடியும் ஜெனரேட்டரும் இல்லாமல் ஒரே நீட்டமாக ஐம்பது அடி எங்கே? வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறை சொல்கிறது. தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. சட்டப் புத்தகத்தில் நமக்குப் பஞ்சமில்லை.

"யாத்திரிகர் கூட்டம்தான் காரணம், நாம என்ன செய்ய முடியும்?" என்பதற்கும் மலைமேல்தான் பதில் இருக்கிறது. தினமும் அறுபது, எழுபதாயிரம் பேர் தரிசனம் செய்யும் திருமலையில், தர்ம ரதம் என்ற இலவச பஸ்கள் விடுதிக்கும் கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் சுற்றிச் சுற்றி வருகின்றன. சொந்த வண்டி இல்லாத ஒருவர் அங்கே மூன்று நாள் தவிக்காமல் தங்கலாம். கீழே மூன்று மணி நேரம் அப்படி இருக்க முடியுமா? 2022 செப்டம்பரில் இந்த ஊருக்கு நூறு மின்சார பஸ்கள் தரத் தொடங்கினார்கள். அவை மலைக்கும் விமான நிலையத்துக்கும் கடப்பை, நெல்லூர், மதனப்பள்ளிக்கும் போயின. நல்லதுதான். எம்.ஆர்.பள்ளியிலிருந்து கரகம்பாடி சாலைக்குப் போக வேண்டிய ஊர்க்காரர் மட்டும் ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுப் போகிறார்.

அப்புறம், பார்க்கும் படிப்பகமும் பெரிய ஊர் ஆடம்பரம் என்ற வாதம். முதலில் ரோடு, பிறகு மற்றது என்பார்கள். இதே ஆந்திரா 1999-இல் ரைத்து பஜாரைக் கொண்டுவந்தது; அதே ஆண்டு தமிழ்நாட்டில் உழவர் சந்தை வந்தது. காய்கறி ஊர் நடுவுக்கு வந்தது. 2019 அக்டோபரில் வார்டு சச்சிவாலயங்களைத் திறந்தார்கள்; சுமார் நாலாயிரம் பேருக்கு ஒன்று, சான்றிதழுக்கும் பென்ஷனுக்கும் நடந்துபோகும் தூரத்தில். யார் ஆட்சியில் வந்தது என்று சண்டை போடட்டும், எனக்கு அக்கறையில்லை. ஓர் அரசு அலுவலகத்தையே தெருவுக்குக் கொண்டுவர முடிந்தபோது, நாலு பெஞ்சும் வேப்ப மரமும் உள்ள ஒரு திடலைக் கொண்டுவர முடியாதா? இடமும் புதிதாக வாங்க வேண்டாம். லே-அவுட் போடுகிறவர் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. எங்கள் லே-அவுட்டின் வரைபடத்திலும் பச்சை வண்ணத்தில் 'பார்க்' இருக்கிறது. நேரில் போனால் சீமைக்கருவேலமும் உடைந்த செங்கலும். மூன்று மனு கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு முத்திரையோடு ரசீது வந்தது.

சித்தூருக்கு இந்த விஷயத்தில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. 2012-இல்தான் மாநகராட்சியானது. ஊருக்கு நடுவே நீவா நதி, ஊரை ஒட்டியே கட்டமஞ்சி ஏரி. ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சி.ஆர்.ரெட்டியின் ஊர் அந்தக் கட்டமஞ்சி. காந்தி சிலையிலிருந்து அரை மணி நடையில் பாதிச் சித்தூரைப் பார்த்துவிடலாம். திருப்பதியும் அப்படித் தொடங்கியதுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ராமானுஜர் கோவிந்தராஜர் கோயிலைச் சுற்றி ஊரை அமைத்தார் என்பது மரபு. கோயில், குளம், கடை, வீடு எல்லாம் நாலு மாட வீதிக்குள். அந்த வட்டாரம் இன்றும் கால்நடையாகவே வாழ்கிறது.

அதைவிட்டு வெளியே போனால்தான் வளர்ச்சி என்கிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது, கலெக்டர் அலுவலகத்தைத் திருச்சானூரில் பத்மாவதி நிலையம் என்ற யாத்திரிகர் விடுதியில் வைத்தார்கள். சத்தியவேட்டிலிருந்து ஒரு மனுவோடு வருகிற பெரியவர் திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கி, மறுபடி ஓர் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஊர் அகல அகல, பணமும் நேரமும் இல்லாதவருக்குத்தான் தூரம் கூடுகிறது.

தண்ணீருக்கும் வழி குறைகிறது. சேஷாசல மலையில் விழும் மழை இந்த ஊர் வழியாகத்தான் தெற்கே சுவர்ணமுகிக்கு இறங்க வேண்டும். அந்த வழியில் ஏரிகளும் கால்வாய்களும் இருந்தன. இப்போது பல இடத்தில் மனைகள். 2021 நவம்பரில் கபில தீர்த்தத்தில் அருவி பொங்கியபோது ஊர் முட்டளவு நீரில் நின்றது. ராயலசெருவு ஏரியின் கரை உடையுமோ என்று சுற்றுக் கிராமங்களைக் காலி செய்தார்கள். அகலமான தார் ரோடுகள் அந்த வெள்ளத்தில் வாய்க்கால்களாக ஓடின.

கடைசியாகத் தெருக் கடைகள். அவர்களைத் துரத்தினால் நடைபாதை கிடைக்கும் என்பார்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் அகல நடைபாதை போட்டபோது, கார் நிற்க இடம் குறைந்தால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் இருந்தது. இன்று அங்கே நடக்கக் கூட்டம் வருகிறது. இடத்தை எடுத்துக்கொண்டது கூடைக்காரி இல்லை, நிறுத்தி வைத்த கார். தெருவியாபாரிகளுக்கென்று 2014-லேயே சட்டம் இருக்கிறது. அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுப்பது நகராட்சியின் கடமை.

எங்கள் மெயின் ரோட்டை அகலப்படுத்தியபோது ஓரத்தில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்காவைக் கிளப்பிவிட்டார்கள். அவர் ஒரு தள்ளுவண்டி வாங்கி, போன ஆடியிலிருந்து லே-அவுட்டுக்குள் வருகிறார். காலை எட்டு மணிக்கு முனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்கும். "பெத்தம்மா, கரிவேபாக்கு!" என்று தெலுங்கில் ஒரு குரல். அம்மா பையைத் தேடி எடுத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போகிறாள்.