அஸ்கிரியவில் விரலை உயர்த்திய நடுவர்

2001 மார்ச், கண்டி அஸ்கிரிய மைதானம். இங்கிலாந்தின் கடிக் வீசிய பந்து சனத் ஜயசூரியவின் துடுப்பில் பட்டுத் தரையில் மோதி எழுந்தது. தோர்ப் பாய்ந்து பிடித்தார். நடுவர் பி.சி. குரே விரலை உயர்த்தினார். ஜயசூரிய ஆத்திரத்தில் தலைக்கவசத்தை வீசியெறிந்தார்.

இலங்கை 3 விக்கெட்டுகளால் தோற்றது.

ரசிகர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. முரளிதரனின் பந்துகளில் நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்காததால் தப்பிய இங்கிலாந்தின் நாசர் ஹுசைன் 109 ஓட்டங்கள் குவித்தார். ஆனால், பிழையான தீர்ப்புகள் இங்கிலாந்தையும் விட்டுவைக்கவில்லை. அதை நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நடுவரின் தீர்ப்பை வீரர்கள் கேள்வி கேட்க வழிவிடும் மறுபரிசீலனை முறை அதன் பின்னர், 2008இல், இலங்கை–இந்தியா டெஸ்ட் தொடரில்தான் பரீட்சிக்கப்பட்டது. குரேயைத் திட்டியது போதும். தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்ல வீரருக்கு வழிவிடாத அன்றைய விதிகளே முதல் குற்றவாளி.