எனக்கப்புறம் இவனை யாரு பார்ப்பா? (த்ரெட்)

1/ மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம்ல உட்கார்ந்தா இந்தப் பேச்சு காதுல விழாம இருக்காது: "நான் கண்ணை மூடுறதுக்கு முன்னாடி இவன் போய்ச் சேர்ந்துடணும் சார்." பாசம் இல்லாம எந்தத் தாயும் இப்படிச் சொல்றதில்லை. அடுத்து யாருங்கிறதுக்குப் பதில் தெரியலை, அவ்வளவுதான். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளைப் பெத்தவங்க இதைக் கொஞ்சம் படிங்க.

2/ "அறுபது வயசாகட்டும், பார்ப்போம்"னு விருதுநகர் மாவட்டத்துல இருக்க முடியாது. 2012 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம் வெடிவிபத்துகள் நினைவிருக்கும். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமே ஒரே பட்டாசு ஆலைக்குப் போற வீடுகள் இங்க நிறைய.

3/ பலருக்குத் தெரியாத விஷயம்: பிள்ளைக்கு 18 வயசு முடிஞ்சா, பெத்தவங்களாவே இருந்தாலும் சட்டப்படி தானாகக் கார்டியன் ஆகிட முடியாது. பேங்க்லயோ சொத்து விவகாரத்துலயோ மாட்டும்போதுதான் இது தெரியவரும்.

4/ இதுக்கு வழி இருக்கு. 1999-ல வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு கார்டியனை நியமிக்கும். நீங்க விரும்புற ஆளைக் குறிப்பிட்டு நீங்களே விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க.

5/ கார்டியன்னா பிள்ளைக்கோ சொத்துக்கோ சொந்தக்காரர்னு அர்த்தம் இல்லை. 6 மாசத்துக்குள்ள சொத்து விவரம் கொடுக்கணும், வருசா வருசம் கணக்குக் காட்டணும். சரியா கவனிக்கலைன்னா நீக்கவும் முடியும்.

6/ காசு விஷயம். அரசு தர்ற மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை வருதான்னு பாருங்க. உங்களுக்கு பி.எஃப். பிடிக்கிறாங்கன்னா, நிரந்தரமா முழுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு உங்க காலத்துக்கு அப்புறம் பென்ஷன் உண்டு. அதுக்கு வயசு வரம்பு இல்லை. இ.எஸ்.ஐ.யிலயும், உங்க சம்பாத்தியத்தையே முழுசா நம்பியிருக்கிற அந்தப் பிள்ளைக்கு வயசு தடையில்லை. ஆனா ரெக்கார்டுல பேர் இருக்கணும். வீட்ல வச்சு பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த ரெண்டுமே இருக்காது. அவங்க 1 லட்சம் ரூபாய் வரைக்குமான நிராமயா மருத்துவக் காப்பீட்டையாவது எடுத்து வைங்க.

7/ "அண்ணன் பார்த்துக்குவான்"னு வாய்ப்பேச்சை நம்பி மொத்த வீட்டையும் அண்ணன் பேருக்கு எழுதாதீங்க. உயில் எழுதுங்க. சாதா பேப்பர், உங்க கையெழுத்து, ரெண்டு சாட்சி போதும். பதிவு கட்டாயம் இல்லை. பதிவு பண்ணா பின்னாடி தகராறு குறையும்.

8/ டாக்டரா நான் கேக்குறது ஒரு 40 பக்க நோட்டு. என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எது ஒத்துக்காது, எதுக்குப் பயப்படுவான், வயிறு வலிச்சா எப்படிக் காட்டுவான், மாதவிலக்கு நாள்ல பிள்ளைக்கு என்ன உதவி தேவை, எல்லாத்தையும் எழுதுங்க. எழுத வராதுன்னா இன்னொரு பிள்ளையை எழுதச் சொல்லுங்க. குறிப்பா ஃபிட்ஸ் மாத்திரை. சாவு வீட்டுக் களேபரத்துல ரெண்டு நாள் அது விட்டுப்போனாலே உயிருக்கு ஆபத்தாகலாம்.

9/ பல வீட்ல இந்தப் பொறுப்பு கேக்காமலே அக்கா தங்கச்சி தலையில விழுது. அவங்கள உட்கார வச்சு "உன்னால எவ்வளவு முடியும்?"னு இப்பவே கேளுங்க. முடியாதுன்னு சொன்னாலும் கோபப்படாதீங்க. அந்தப் பதில் இன்னைக்கே தெரிஞ்சா, சித்தப்பா வீட்லயோ பதிவு பெற்ற இல்லத்துலயோ கேட்டுப் பார்க்க நேரம் இருக்கும். அந்தப் பிள்ளைகிட்டயும் யார்கூட இருக்கப் பிடிக்கும்னு கேளுங்க. வாயால சொல்லாட்டியும் யார் கையைப் பிடிக்குதுன்னு பார்த்தா புரியும்.

10/ அரசுக்கு ஒரு கோரிக்கை. சான்றிதழுக்காக இந்தக் குடும்பங்கள் ஒரு நாள் கூலியை விட்டுட்டு முகாமுக்கு வர்றாங்க. அதே முகாம்ல கார்டியன் விண்ணப்பத்துக்கும் நிராமயாவுக்கும் ஒரு மேசை போடுங்க. இப்ப சதவீதத்தைக் குறிச்சு அட்டையைக் கொடுத்து அனுப்பிடுறோம். 18 வயசுக்கு அப்புறம் என்னன்னு சொல்ல அங்க ஆள் இருக்கணும்.

11/ உங்க தெருவுல இப்படி ஒரு பிள்ளை இருந்தா, அவங்க வீட்ல இதைப் படிச்சுக் காட்டுங்க. இந்த வாரம் நோட்டும் உயிலும். அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸ் வேலை.