‘சேரல’ என்று ஒதுக்கிய உணவுகள்

“பால் சேரல டாக்டர்.” மதுரையில் என்னிடம் வரும் இளம் தாய்மார்களிடமிருந்து நான் மிகுதியாகக் கேட்கும் வாக்கியம் இது. முட்டை சேரல, தயிர் சேரல, கோதுமை சேரல என்று உணவின் பெயர் மாறும், ‘சேரல’ மாறாது. அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. உணவிலுள்ள புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாக எடுத்துக்கொள்வது ஒன்று, இதுவே ஒவ்வாமை. பாலின் சர்க்கரையைக் குடல் செரிக்க முடியாமல் போவது இன்னொன்று. கைக்குழந்தைகளிடம் இது பெரும்பாலும் வயிற்றுப்போக்குக்குப் பின் வந்து சில வாரங்களில் நீங்கிவிடும். புதிய உணவு கொடுத்த அன்றே தற்செயலாகத் தொற்றிய வைரஸால் பேதியாவது மூன்றாவது. வயிறு நிறையக் குடித்த பிள்ளை கொஞ்சம் கக்குவது நான்காவது. அது நோயே இல்லை. நான்கையும் பார்க்கவேண்டிய விதம் வேறு வேறு. ஆனால், நான்கு வீடுகளிலும் நடப்பது ஒன்றுதான். பிள்ளையின் கிண்ணத்திலிருந்து ஓர் உணவு விலக்கப்படுகிறது. பிறகு அது எளிதில் திரும்பி வருவதில்லை.

ஒவ்வாமையுள்ள குழந்தைகளுக்கென்று வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கியிருக்கிறேன். அன்று என் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் நடக்கும் பேச்சிலிருந்து நான் கற்றது, மாநாடுகளில் கற்றதைவிடக் குறைவில்லை. ஒருத்தி தன் ஏழு மாத மகனுக்கு முதன்முதலாக முட்டை ஊட்டியதைச் சொல்கிறாள்: “அரை மணி நேரம்கூட ஆகலக்கா, வாயைச் சுத்தித் தடிச்சுப் போச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.” பக்கத்தில் இருப்பவள், தாய்ப்பால் மட்டுமே குடித்த மகளின் மலத்தில் ரத்தம் இழையிழையாக வந்ததையும், தான் பால், தயிர், மோரை விட்ட இரண்டு வாரத்தில் அது நின்றதையும் சொல்கிறாள். மூன்றாமவளின் பிள்ளை, பால் கலந்து சுட்ட பிஸ்கட் துண்டைத் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் தூங்கியிருக்கிறது. அவள் அதைச் சொல்லும்போது பெஞ்சு முழுவதும் மகிழ்கிறது. எந்த உணவு, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்று இவர்கள் சொல்லும் விவரம்தான் என் நோயறிதலின் பெரும்பகுதி. எந்த ஆய்வுக்கூடமும் அதைத் தந்துவிட முடியாது. அதே பேச்சில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருத்தியின் பிள்ளைக்குச் சேராத முட்டையை, கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களும் வீட்டுக்குப் போய் நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த அச்சத்தைத் தாய்மார்கள் தாங்களாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. மருத்துவர்களாகிய எங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு, எனக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்குப் பசும்பால் உணவுகளை ஒரு வயது வரையும், முட்டையை இரண்டு வயது வரையும், நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளையும் மீனையும் மூன்று வயது வரையும் தள்ளிப்போடச் சொன்னது. அதற்கு வலுவான சான்று அப்போதே இருக்கவில்லை. குடல் முதிரட்டும், பிறகு கொடுக்கலாம் என்ற அனுமானம்தான் இருந்தது. அதைப் பாடமாகப் படித்து வந்த நான், தொழிலின் முதல் ஆண்டுகளில் கரப்பான் கண்ட குழந்தைகளின் தாய்மார்களிடம் ‘முட்டைக்கு அவசரப்படாதீர்கள், கடலைப் பக்கமே போகாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பினேன். 2008இல் அந்த அமைப்பே தன் கருத்தை மாற்றிக்கொண்டது. என் சொல்லை நான் திரும்பப் பெறுவதற்கு, அந்தத் தாய்மார்களில் பலரை மறுபடி பார்க்கவே இல்லை. இது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதே 2008இல் வெளியான ஓர் ஒப்பீடு பலரை யோசிக்க வைத்தது. பிரிட்டனில் வாழும் யூதப் பள்ளிக் குழந்தைகளில் 1.85 விழுக்காட்டினருக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது, இஸ்ரேலில் 0.17 விழுக்காட்டினருக்கு. வேர் ஒன்று, வேறுபாடு பத்து மடங்கு. இஸ்ரேலியக் குழந்தைகள் ஒரு வயதுக்கு முன்பே ‘பம்பா’ என்ற மெதுமெதுப்பான கடலைத் தின்பண்டத்தைச் சுவைத்துப் பழகியிருந்தன. இதைக் கவனித்த லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழுவினர், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதில் சேர்த்து, ஒரு பிரிவுக்குக் கடலை உணவைத் தொடர்ந்து கொடுக்கச் செய்தார்கள். மறுபிரிவுக்கு ஐந்து வயது வரை அறவே விலக்கினார்கள். முடிவு 2015இல் வந்தது. தொடக்கத் தோல் சோதனையில் கடலைக்கு எதிர்வினை காட்டாத குழந்தைகளில், விலக்கியவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை வந்திருந்தது, உண்டவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கு மட்டுமே. காப்பாற்றும் என்று நாங்கள் சொன்ன தாமதம்தான் பலரை ஒவ்வாமையில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

இதை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்துவிட முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம்மிடம் நிலக்கடலை ஒவ்வாமை மேலை நாடுகளில் உள்ள அளவுக்கு இல்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை நான்கு மாதமாகக் குறைப்பது, தூய்மையான குடிநீர் எல்லா வீட்டுக்கும் வந்து சேராத நாட்டில் சரியாகாது. பிரிட்டனில் 1,303 குழந்தைகளிடம் மூன்று மாதத்திலிருந்தே ஆறு வகை உணவுகளைக் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், அந்தப் பிரிவின் குடும்பங்களில் பாதிக்கும் குறைவானவர்களாலேயே சொன்னபடி ஊட்ட முடிந்தது. அந்த வயதுப் பிள்ளைக்கு ஊட்டுவது எத்தனை பாடு என்பதை அந்தத் தாய்மார்கள் அறிவார்கள். ஆகவே, ஆறு மாதத்துக்கு முன் எல்லோரும் தொடங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் நிறைந்த பிறகு காரணமின்றித் தள்ளிப்போடாதீர்கள் என்பதே என் வாதம். கடுமையான கரப்பான் உள்ள பிள்ளையென்றால், ஐந்தாம் மாதமே மருத்துவரிடம் காட்டித் திட்டமிடுங்கள்.

கரப்பானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கத்தரிக்காய், கருவாடு, இறால் என்று நம் பாட்டிகள் ‘கரப்பான் பண்டம்’ எனப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். தோலுக்கும் உணவுக்கும் தொடர்புண்டு என்று அவர்கள் கண்டது சரி. ஆனால், காரணம் பல நேரங்களில் எதிர்த் திசையில் ஓடுகிறது. உணவால் கரப்பான் வருவதைவிட, கரப்பானால் வெடித்த தோல் வழியே உணவின் துகள் உள்ளே போய் ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கிறது என்பதற்கே இப்போது சான்று கூடியிருக்கிறது. வாய்வழி வரும் உணவைக் குடல் பழகிக்கொள்ளும்; புண்பட்ட தோல்வழி வருவதை உடல் படையெடுப்பாக எண்ணும். பிரிட்டனில் 2003இல் வெளியான ஆய்வொன்று, கடலை எண்ணெய் கலந்த களிம்பைக் கரப்பானில் பூசிய குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை மிகுந்திருந்ததைக் காட்டியது. நாமோ கைக்குழந்தையைக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்த்து, பயத்தமாவும் கடலைமாவும் பூசிக் குளிப்பாட்டுகிறோம். இந்தியாவில் கொண்டைக்கடலைக்கும் பயறு வகைகளுக்கும் ஒவ்வாமை பதிவாகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நிறுவப்பட்ட உண்மையாக இதைச் சொல்லவில்லை. ஆனாலும், தோல் வெடித்திருக்கும் பிள்ளைக்கு மாவுப்பூச்சு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். நல்ல தோலுள்ள பிள்ளைக்கு இந்தத் தடை இல்லை. ஜப்பானில் 2017இல் வெளியான ஆய்வில், கரப்பானை முதலில் நன்றாக ஆற்றிவிட்டு, ஆறு மாதத்திலிருந்து வேகவைத்த முட்டையின் பொடியை மிகச் சிறிய அளவில் கொடுத்துவந்தார்கள். ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை 38 விழுக்காட்டுக்குப் பதில் 8 விழுக்காடாக இருந்தது. தோலை ஆற்றுவதும் சோறூட்டுவதும் ஒரே வைத்தியத்தின் இரு பாதிகள்.

ஊட்டும் முறையில் நம் வீடுகளின் தனிச் சிக்கல் சத்துமாவு. கேழ்வரகு, கம்பு, கோதுமை, பொட்டுக்கடலை, நிலக்கடலை, பாதாம், முந்திரி என்று பதினைந்து பொருளை வறுத்து அரைத்து, முதல் உணவாகவே அந்தக் கஞ்சியைக் கொடுக்கிறோம். சத்தானதுதான், மறுக்கவில்லை. ஆனால், பிள்ளைக்கு உடம்பு தடித்தால் பதினைந்தில் எது என்று யார் சொல்ல முடியும்? பதினைந்தையும் நிறுத்த வேண்டியதாகிறது. ஒவ்வாமை ஐயமுள்ள பிள்ளைக்கு ஒவ்வொன்றாகத் தனித்தனியே பழக்கி முடித்த பிறகே கலவைக்குப் போகலாம். கடலையை முழுதாக ஒருபோதும் கொடுக்கக்கூடாது, மூச்சுக்குழலில் அடைக்கும். மையாக அரைத்துக் கஞ்சியில் கரைக்க வேண்டும். அரிசி யாருக்கும் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் முழு உண்மையில்லை. சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அடுக்கடுக்காக வாந்தியெடுத்துப் பிள்ளை வெளிறித் துவளும் ஒரு வகை ஒவ்வாமை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதன் முதன்மைக் காரணிகளில் ஒன்று அரிசி. இதில் தடிப்போ வீக்கமோ தெரியாததால், மாந்தம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பரிசோதனைகளைப் பற்றி. எண்பது, நூறு பொருள்களுக்கு ஒரே ரத்தத்தில் பார்த்த அறிக்கையோடு வருகிறார்கள். பாதிக்கு மேல் சிவப்புக் கட்டம் போட்டிருக்கும். பெங்களூரு, மைசூரு வட்டாரத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏதேனும் ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் காட்டியவர்கள் 26.5 விழுக்காடு, உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 விழுக்காடு மட்டுமே. குழந்தைகளிடம் எண்கள் மாறலாம், அடிப்படை மாறாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, உண்டால் உபாதை வருவது வேறு. அறிக்கையைப் பார்த்துப் பதினொரு உணவுகளை நிறுத்தி, பத்தாம் மாதத்தில் ஆறரைக் கிலோவோடு வந்த பெண்குழந்தை ஒன்று என் நினைவை விட்டுப் போகவில்லை. பதினொன்றில் உண்மையில் ஆகாமல் போனது ஒன்றே ஒன்று. 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுபவர்கள் 11.3 விழுக்காடு மட்டுமே என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் நாடு இது. இங்கே தேவையில்லாமல் விலக்கும் ஒவ்வொரு உணவும் பிள்ளையின் எடையிலிருந்து போகிறது.

தாயின் தட்டும் இதில் சுருங்குகிறது. பிள்ளைக்குக் கரப்பான் வந்தால் ‘நீ தின்றதுதான்’ என்கிறார்கள். ஏற்கெனவே பிரசவப் பத்தியத்தில் இருப்பவள், பால், பருப்பு, மீன், முட்டை எல்லாம் விட்டு ரசஞ்சோற்றில் நாள் கடத்துகிறாள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்காகத் தாய் உணவை விட வேண்டிய தேவை சில குழந்தைகளுக்கே வரும். அப்போதும் ஐயமுள்ள ஓர் உணவை இரண்டிலிருந்து நான்கு வாரம் நிறுத்தி, குறி நின்றதா என்று பார்த்து, மறுபடி சாப்பிட்டுத் திரும்புகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். திரும்பவில்லையென்றால் அவள் எல்லாம் சாப்பிடலாம். பாலை நீண்ட நாள் விட்டால் கால்சியம் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையே நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் தவறு.

பசும்பால் ஆகாதென்றால் ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று வாரம் தவறாமல் கேட்கிறார்கள். கூடாது. இரண்டின் புரதமும் மிக நெருங்கியவை. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது. கழுதைப்பாலைப் பல குழந்தைகள் தாங்கிக்கொள்வதாக இத்தாலிய ஆய்வுகள் உண்டு. ஆனால், தெருவில் கறந்து காய்ச்சாமல் சங்கில் ஊற்றும் பாலில் கிருமி அபாயம் அதைவிடப் பெரிது.

நல்ல செய்தியையும் சொல்லியாக வேண்டும். பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்தை ஒட்டி நீங்கிவிடும். மாவில் கலந்து நெடுநேரம் சுட்ட பாலையும் முட்டையையும் பலர் அதற்கு முன்பே தாங்கிக்கொள்வார்கள். அங்கிருந்து படிப்படியாகத் தயிர், காய்ச்சிய பால் என்று ஏறலாம். கடும் எதிர்வினை கண்ட பிள்ளைக்கு இதை மருத்துவமனையில் வைத்துத்தான் செய்ய வேண்டும். கண்காணிப்பில் வைத்து உணவைக் கொடுத்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்குத் தேவை ஒரு படுக்கை, சில மணி நேரம், கவனமான செவிலியர், கையெட்டும் தூரத்தில் அட்ரினலின். எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வாரம் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்க முடியும், ஒதுக்க வேண்டும். தானே செலுத்திக்கொள்ளும் அட்ரினலின் ஊசி நம் நாட்டில் எளிதில் கிடைக்காத நிலையில், இந்தக் குடும்பங்களுக்கு அரசு செய்யக்கூடிய பெரிய உதவி அதுவே.

இறுதியாக, பிள்ளைகளின் தந்தையரிடம் ஒன்று கேட்கிறேன். முட்டையையோ கடலையையோ முதன்முதலாக ஊட்டுவதை இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கும் ஒரு நாள் காலையில், கால் கரண்டியில் தொடங்கி, இரண்டு மணி நேரம் பார்த்திருங்கள். தடிப்போடு மூச்சிரைப்போ, குரல் மாற்றமோ, விடாத வாந்தியோ, துவண்டுபோவதோ சேர்ந்தால் சொட்டுமருந்து கொடுத்துக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தை உங்கள் மனைவி தனியாகக் கடக்க விடாதீர்கள். அன்று ஒரு நாள் விடுப்பு எடுத்து வீட்டில் இருங்கள்.

- கட்டுரையாளர், குழந்தைநல மருத்துவர்