வடக்கே போகாத மணல்

வந்தவர்கள் எல்லாருக்கும் இடம் கொடுத்த ஊர் சென்னை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதில் பொய் இல்லை. 1639இல் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட நிலம் கிடைத்தது. அதன் பிறகு தெலுங்கு வணிகர்கள் வந்தார்கள், அர்மேனியர்கள் வந்தார்கள். 1734இல் நெசவாளர்களுக்கென்றே சிந்தாதிரிப்பேட்டை உருவானது. சௌகார்பேட்டையில் மார்வாடியும் குஜராத்தியும், திருவல்லிக்கேணிச் சந்துகளில் உருதும், பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வேர்பிடித்தன. 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸை இன்று பீச் ஸ்டேஷன் பக்கம் எல்லா ஊர்க்காரர்களும் நின்று சாப்பிடுகிறார்கள்.

இத்தனை பேரை ஏற்றுக்கொண்ட நாம், கோட்டை எழும்பும் முன்பே இந்தக் கரையில் வலை காயவைத்த மீனவர்களை ஆக்கிரமிப்பாளர்களாகப் பார்க்கப் பழகிவிட்டோம். அரசு செய்தது, மாநகராட்சி செய்தது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கடற்கரை அழகாக வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தான். அழகு என்றால் படகும் வலையும் கண்ணில் படாத வெற்று மணல் என்று முடிவுசெய்ததும் நாம்தான்.

அந்த மணலின் கதையையாவது நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி கடல் தெற்கிலிருந்து வடக்கே மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். 1876இல் துறைமுக வேலை தொடங்கி, கடலுக்குள் கல்சுவர்கள் நீண்டபோது அந்தப் போக்கு தடைபட்டது. தெற்கே மணல் தேங்கித் தேங்கி இன்றைய அகன்ற மெரினா ஆனது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கத் தொடங்கியது. காசிமேட்டுக்கு அப்பால் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின, கடைசியில் கரை நெடுகக் கருங்கல் கொட்டப்பட்டது. கட்டுமரத்தைத் தள்ளிவிட்டு ஏறவும், வலையை விரித்துக் காயவைக்கவும் அங்கே மணல் இல்லை. மாலைக் காற்று வாங்கி, சுண்டல் சாப்பிட்டு, பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிடுகிறோமே, அந்தப் பரப்பின் பெரும்பகுதி வடசென்னைக்குப் போயிருக்க வேண்டிய மணல். பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. பள்ளியை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் நாம் கேட்கவும் இல்லை.

1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அதே கரையில் யார் யாருக்கெல்லாமோ சிலை இருக்கிறது. அங்கே தினமும் காலையில் நடக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஆண்டு நினைவில் இருக்கிறது?

2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டைமாடிகளில் சிக்கிக்கொண்ட நம்மை மீட்க, லாரிகளில் ஃபைபர் படகுகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தவர்கள் இந்தக் குப்பத்து இளைஞர்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கான மெரினா போராட்டம் கலைக்கப்பட்ட நாளில், ஓடிவந்த மாணவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டது கரையோர மீனவக் குடியிருப்பான நடுக்குப்பம். அன்று அவர்களுடைய மீன் சந்தை எரிந்துபோனது. அதே மாதக் கடைசியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியால் அள்ளியவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய் பரவியது. மறுபடியும் அவர்கள்தான் அள்ளினார்கள். நமக்கு அப்போது கவலை வஞ்சிரம் வாங்கலாமா வேண்டாமா என்பதுதான்.

இடையில் 2023 ஏப்ரலில், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, மெரினா லூப் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டன. கடைகள் சாலையை மறிக்கின்றன என்றோம். குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே சாலை போய்க்கொண்டிருக்கிறதே என்று நாம் சொல்லவில்லை. தங்கள் இடத்தின் மேல்தான் சாலை வந்தது என்று மீன் விற்கும் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து சொன்னபோது, அது போக்குவரத்துச் செய்தியாக நம்மைக் கடந்து போனது. 2024இல் நொச்சிக்குப்பத்தில் புதுச் சந்தை திறந்தார்கள். நல்லதுதான். அதற்காகத் தெருவில் உட்கார்ந்தது அவர்கள், நாம் இல்லை.

அவர்களின் அறிவையும் நாம் மதிக்கவில்லை. வாடை எப்போது திரும்பும், கச்சான் காற்று அடித்தால் எந்த மீன் கரைக்கு வரும், நீரோட்டம் மாறுவதை அலையின் எந்த அடையாளத்தில் பார்ப்பது என்பதெல்லாம் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர்க் குப்பத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். கரையில் ஒரு சுவர் கட்டினால் மணல் எங்கே போகும் என்பதும் தெரியும். முகத்துவாரத்தைத் தூர்வாரும்போதும், மிதிவண்டிப் பாதைக்கு இடம் பார்க்கும்போதும் அவர்களிடம் கேட்டீர்களா என்று நாம் ஒருமுறையாவது ஒரு விண்ணப்பம் போட்டிருக்கலாம்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி மீனவர் குடியிருப்புகளையும், வலை உலர்த்தும், படகு நிறுத்தும் பொது இடங்களையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்களில் அவை சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் தெரிவிக்க மீனவராக இருக்க வேண்டியதில்லை, யாரும் எழுதியிருக்கலாம். வீடு வாங்கும்போது பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் வரிவரியாகப் பார்க்கிற நாம், அந்த வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.