கோழிக் கூண்டும் கூட்டுறவுச் சங்கமும்

கோழியைக் காட்டுப்பூனை கொண்டுபோவது வீட்டுச் சங்கதி. அதைச் சங்கத்தின் இதழில் எழுத வேண்டுமா என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோர் தம் இல்லத்துப் பெண்மணிகளை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு விரிக்க இயலாது. தறிக்குழியில் நீர் ஊறி நெசவு நின்றுபோவதும் உண்டு. விவசாயிக்கோ அறுவடைக்கு இன்னும் நாளிருக்கும். அத்தகைய காலத்தில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்கும் மருந்துக்கும் பணமாகி உதவுவன புழக்கடையில் மேயும் கோழிகளே. அது பெரும்பாலும் பெண்டிர் கைக்காசு. எந்தப் பேரேட்டிலும் ஏறாத இச்சிறு மூலதனம் ஓரிரவில் அழிந்துபோவது சங்கத்தின் கவலைக்கு உரியதன்றோ?

ஓரிரவில் என்று சொன்னது மிகையன்று. கோழிக்கு இருளில் கண் தெரியாது. கூண்டினுள் பகை நுழைந்துவிட்டால் அது ஓட வழியின்றிப் படபடக்கும். அப்படபடப்பே கொல்லும் பிராணியின் வெறியை மேலும் தூண்டும். ஆகவேதான் ஒன்றைத் தின்ன வந்தது ஐந்தாறைக் கடித்துப் போட்டுப் போகிறது. வந்தது எது என்பதில் நம்மவர் பெரும்பாலும் தவறிவிடுகின்றனர். கண்ணை மூடிக்கொண்டு கீரியின்மேல் பழி போடுவது வழக்கம். கீரி பகலில் நடமாடுவது. நள்ளிரவில் நிகழ்ந்த கொலைக்கு அதன்மேல் வழக்குத் தொடுப்பது நியாயமாகாது. ஓட்டுச் சந்து வழியே இறங்குவது மரநாய். வேலியோரம் பதுங்கி வருவன காட்டுப்பூனையும் புனுகுப்பூனையும். கூண்டையே புரட்டித் தள்ளுவது பெரும்பாலும் நமது தெருநாய்தான். குஞ்சுகள் மட்டும் குறைந்து, தரையில் வளையும் காணப்பட்டால் பெருச்சாளியைச் சந்தேகிக்கலாம்.

கோழி போன மறுநாள் ஆத்திரத்தில் செய்யும் காரியங்களே அஞ்சத்தக்கவை. வயலுக்கென வாங்கிய குருணை மருந்தைச் செத்த கோழியில் தடவி வைப்போர் உளர். அதை நரிதான் தின்னும் என்பதற்கு உறுதி என்ன? அண்டை வீட்டு நாய் தின்னும், காகம் கொத்தும், ஆந்தை எடுத்துப் போகும். இன்னும் கொடியது மின்கம்பி இழுத்து வைப்பது. மடை திருப்ப இரவில் புறப்பட்ட மனிதர் இத்தகைய கம்பியை மிதித்து மாண்ட செய்திகள் நமது நாளிதழ்களில் வாராத ஆண்டில்லை. சட்டமும் இவற்றை ஒப்பவில்லை. மரநாய், காட்டுப்பூனை, கீரி யாவும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. நெசவாளருக்கு மற்றொன்றும் நினைவூட்டலாம்: நூல் கட்டுகளைக் கடித்து நாசம் செய்யும் எலிகளை இரவெல்லாம் வேட்டையாடுவன இந்த ஆந்தையும் காட்டுப்பூனையுமே.

ஆகவே குறை வேட்டையாடும் பிராணியில் இல்லை, கூண்டில் இருக்கிறது என்பதே என் கருத்து. பஞ்சாரம் பகலில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்த்து வைக்க ஏற்றது. இரவுக் காவலுக்கு உதவாது. கடையில் கோழி வலை என்று விற்கப்படும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி நாயை வெளியே நிறுத்தாது. அதன் மெல்லிய கம்பியை நாய் பல்லால் கிழித்துவிடும். பற்றவைத்த அரை அங்குலக் கண் வலையே தேவை. இரவில் அடைய மட்டும் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும். நாலடி நீளம், மூன்றடி அகலமுள்ள கூண்டில் பன்னிரண்டு கோழிகள் தங்கும். கூண்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் கால் வைத்து நிறுத்தி, அடிப்பக்கத்தையும் வலையிட்டு மூடுவது நன்று. தரையோடு கட்டுவதாயின் சுற்றிலும் ஓரடி ஆழத்திற்கு வலையைப் புதைக்க வேண்டும். கதவைக் கயிற்றால் கட்டுவது கூடாது. தாழ்ப்பாளும் அதில் செருக ஓர் ஆணியும் வேண்டும். காற்றுப் புகாதபடி பலகையால் அடைத்துவிடுவோரும் உளர்; எச்சத்தின் நெடியாலும் சித்திரை வெப்பத்தாலும் கோழிகள் நோயுறும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. எவ்வளவு நல்ல கூண்டாயினும் பொழுது சாய்ந்ததும் எண்ணி அடைத்துப் பூட்ட ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் பயனில்லை.

இவ்வலை பொதுவாகச் சுருளாக வருவது. பத்தடி மட்டும் வேண்டுபவர் சில்லறை விலை கொடுக்கிறார். அல்லது விலைக்கு அஞ்சி மெல்லிய வலையையே வாங்கிப் போகிறார். 1904-இல் சென்னையில் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது அதன் நோக்கம், வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்கு நியாய விலையில் அளப்பதே. நூலையும் உரத்தையும் அவ்வாறே பெற்றுப் பழகிய நமக்குக் கம்பி வலை மட்டும் புறம்பாவானேன்? நிதி போதாதென்று நிர்வாகக் குழுவினர் கூறுவர். கடனாகக் கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. வேண்டுவோரிடம் முன்பணம் பெற்று, சுருளை வாங்கி அளந்து கொடுத்தால் சங்கத்தின் பணம் முடங்காது. தச்சருக்கு ஒரே அளவில் பத்துக் கூண்டுகள் சேர்த்துச் சொன்னால் கூலியும் குறையும்.

வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொணர விரும்பும் அங்கத்தினர், எத்தனை வீட்டார்க்கு எத்தனை அடி வலை தேவை என்ற கணக்கைத் தெருவாரியாக எழுதி வருதல் நலம். பெண்மணிகளைக் கேட்டே எழுதுக. கோழிகளின் எண்ணிக்கை அவர்களுக்குத்தான் தெரியும்.